டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் காப்பீட்டுத் தொகை கிடைக்காதா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு வயது 41. கடந்த மாதம் அவருக்குக் கடும் காய்ச்சலும் உடல்வலியும் வந்தன. மூன்று நாள் பக்கத்து கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. நான்காம் நாள் வாந்தியும் வயிற்றுவலியும் சேர்ந்துகொள்ளவே தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். ஐந்து இரவுகள் தங்கி, குணமாகி வீடு திரும்பினார். பில் 68,400 ரூபாய். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டதால் பாதியைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு க்ளெய்ம் அனுப்பியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பி.யு.ஓ. / வைரல் காய்ச்சல், தட்டணுக் குறைவு. காரணம் கண்டறியும் பரிசோதனைக்காக அனுமதி’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. (பி.யு.ஓ. என்பது காரணம் பிடிபடாத காய்ச்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். தட்டணு என்பது பிளேட்லெட்.) நோய்க் குறியீடு ஆர் 50.9. ‘பரிசோதனைக்காக மட்டுமே அனுமதிக்கப்பட்டவர்’ என்று காரணம் சொல்லி நிறுவனம் க்ளெய்மை நிராகரித்துவிட்டது.

மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு ஊழியர், “டாக்டரிடம் சொல்லி டெங்கு என்று போட்டு வேறு சம்மரி வாங்கித் தருகிறேன். அதில் சிக்கல் என்றால் வைடால் பாசிட்டிவ் இருக்கிறது, டைபாய்டு என்று போட்டுக்கொள்ளலாம்” என்கிறாராம். வாசகி நான்கு கேள்விகள் கேட்கிறார். அந்த ஊழியர் சொல்வதை ஏற்கலாமா? என்.எஸ்.1 என்ற டெங்கு விரைவு கார்டு பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்த பிறகும் டெங்கு என்று எழுதாதது, அரசுக் கணக்கில் காட்டாமல் மறைப்பதற்காகவா? பி.யு.ஓ. என்றால் கண்டுபிடிக்க முடியாத பெரிய நோய் ஏதும் உள்ளே இருக்கிறதா? நோயின் பெயரே இல்லாத சம்மரியை வைத்துக்கொண்டு போராடி என்ன பயன்?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய பரிசோதனை முடிவுகளையும் சம்மரியையும் படித்தேன். முதலில் ஊழியர் சொன்னதற்குப் பதில்: வேண்டாம். அது தவறு என்பது ஒருபுறம் இருக்க, அது பலிக்கவும் பலிக்காது. முதல் சம்மரி ஏற்கெனவே காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதே நோயாளிக்கு, அதே தேதிகளுக்கு, வேறு நோயைச் சொல்லும் இன்னொரு சம்மரி போய்ச் சேர்ந்தால், அவர்கள் விசாரணை அதிகாரியை அனுப்பிக் கேஸ் ஷீட்டையும் ஆய்வகப் பதிவேட்டையும் மருந்து பில்லையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இன்று உங்களுடையது நிராகரிக்கப்பட்ட, ஆனால் மீட்கக்கூடிய ஒரு க்ளெய்ம். அன்றைக்கு அது மோசடி க்ளெய்ம் ஆகிவிடும். மோசடி என்று முடிவானால் இந்தத் தொகை மட்டுமல்ல, பாலிசியே போகக்கூடும். பொய்ச் சான்று எழுதித் தந்த மருத்துவர் மீது மருத்துவ கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியும்.

ஆனால் சம்மரியைத் திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருத்தச் சொல்ல உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. நடக்காததை எழுதச் சொல்வது வேறு, நடந்தும் எழுதாமல் விட்டதை எழுதச் சொல்வது வேறு. உங்கள் கணவருடைய சம்மரியில் விட்டுப்போனது நிறைய இருக்கிறது.

ஆர் 50.9 என்பது என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் பத்தாவது பதிப்பைத்தான் நம் மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்று பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. அதில் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் நோய்களுக்கு உரியவை அல்ல. அறிகுறிகளுக்கும், அசாதாரணமான பரிசோதனை முடிவுகளுக்கும் உரியவை. ஆர் 50.9 என்றால் ‘காய்ச்சல், வகை குறிப்பிடப்படவில்லை’ என்று பொருள். காரணம் தெரியாதபோது இதைப் போடுவதே நேர்மை. எவ்வளவு நல்ல மருத்துவமனையாக இருந்தாலும், எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும், பெயர் வைக்க முடியாமலே குணமாகிப் போகும் காய்ச்சல்கள் ஏராளம். எனவே இத்தனை பணம் வாங்கிக்கொண்டு வெறும் காய்ச்சல் என்று எழுதுவதா என்ற உங்கள் கோபத்தில் பாதி நியாயமில்லை.

மீதிப் பாதி நியாயமானது. காரணம் தெரிந்தோ ஓரளவு புலப்பட்டோ இருக்கும்போது அறிகுறிக் குறியீட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் அந்த வகைப்பாட்டின் விதி. டெங்குவுக்கு ஏ 97 என்ற தொகுதி இருக்கிறது: எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாத டெங்கு ஏ 97.0, அவை உள்ளது ஏ 97.1, கடுமையானது ஏ 97.2. சில மருத்துவமனை மென்பொருள்களில் இன்னும் பழைய ஏ 90 தான் இருக்கும். அதனால் பெரிய பாதகம் இல்லை. டைபாய்டுக்கு ஏ 01.0, சிறு உண்ணிப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு ஏ 75.3. இந்த எண்களைப் போடுகிற மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவினர் நோயைத் தீர்மானிப்பதில்லை. மருத்துவர் எழுதிய வாசகத்தைப் பார்த்து எண்ணைத் தேடிப் போடுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே குறியீட்டை மட்டும் மாற்றித் தரச் சொல்லி அவர்களிடம் நிற்பதில் பலனில்லை. வாசகம் ஒன்றும் எண் இன்னொன்றுமாக இருந்தால் அதுவே புதிய சந்தேகத்துக்கு வழிவகுக்கும். காப்பீட்டு க்ளெய்ம் படிவத்தின் பி பகுதியை நிரப்புவது மருத்துவமனை. குறியீடு அங்கேயும் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நகல் கேட்டு வாங்குங்கள்.

பி.யு.ஓ. என்ற மூன்றெழுத்தைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம். 1961-இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீஸன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் அதற்கு வரையறை வகுத்தார்கள். 101 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல் பல முறை வந்திருக்க வேண்டும். அது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்து ஆராய்ந்தும் காரணம் பிடிபடாமல் இருக்க வேண்டும். பின்னால் இந்த வரையறை சற்றுத் தளர்த்தப்பட்டாலும், நான்கு நாள் காய்ச்சலுக்கு எந்தக் கணக்கிலும் அந்தப் பெயர் பொருந்தாது. நம் ஊரில் பிடிபடாத காய்ச்சலுக்கெல்லாம் அட்மிஷன் சீட்டில் பி.யு.ஓ. என்று கிறுக்கிவிடுவது ஒரு பழக்கம். அட்மிஷன் நேரத்தில் அவசரத்துக்கு எழுதியதை டிஸ்சார்ஜ் வரைக்கும் யாரும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். உங்கள் கணவருக்குக் காய்ச்சல் முழுமையாக விட்டுவிட்டது, எடையும் பசியும் பழையபடி இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே ஏதோ ஒளிந்திருப்பதாக நினைக்க இப்போது காரணம் இல்லை.

அப்படியானால் அது டெங்குதானா?

பெரும்பாலும் டெங்குவாக இருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் சொல்லும் காரணங்களுக்காக அல்ல. தட்டணு 58,000-க்கு இறங்கியதால் டெங்குதான் என்கிறீர்கள். ஸ்க்ரப் டைஃபஸ், எலிக்காய்ச்சல், மலேரியா, வேறு வைரஸ் காய்ச்சல்கள் எல்லாவற்றிலும் தட்டணு குறையும். கார்டு பரிசோதனை பாசிட்டிவ் என்பதால் உறுதி என்கிறீர்கள். நம் தேசிய வழிகாட்டுதலின்படி விரைவு கார்டில் பாசிட்டிவ் வந்தால் அது ‘டெங்குவாக இருக்கக்கூடியது’ என்ற நிலைதான். எலிசா என்ற ஆய்வக முறையில் என்.எஸ்.1 அல்லது ஐ.ஜி.எம். (தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்), இல்லையென்றால் வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். போன்றவற்றில் வந்தால்தான் ‘உறுதியானது’. உங்கள் கட்டில் எலிசா முடிவு எதுவும் இல்லை. மருத்துவர் தயங்கியதற்கு இது போதுமான காரணம். தமிழ்நாட்டில் டெங்கு அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். சந்தேக நிலை, மருத்துவர் கணித்த நிலை, ஆய்வகம் உறுதிசெய்த நிலை என்று தனித்தனிப் படிவங்களே உண்டு. எனவே உறுதியாகாததையும் தெரிவிக்க வழி இருக்கிறது. உங்கள் மருத்துவமனை தெரிவித்ததா என்பது உங்கள் தாள்களிலிருந்து தெரியவரும் விஷயம் அல்ல. மறைத்தார்கள் என்று எழுத்தில் குற்றம் சாட்டாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்த மருத்துவரின் கையெழுத்து.

என்னை டெங்கு பக்கம் சாய வைத்தவை வேறு. சேர்த்த அன்று ஹெமடோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 41, மறுநாள் 48. அதே நேரத்தில் தட்டணு 1,12,000-லிருந்து 62,000. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறது, வயிற்றில் சிறிதளவு நீர். கூடவே ஓயாத வாந்தி, வயிற்றுவலி. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்பதைக் காட்டும் அடையாளங்கள் இவை. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எச்சரிக்கை அறிகுறிகளின் பட்டியலில் ஓயாத வாந்தி, வயிற்றுவலி, உடலில் நீர் சேர்தல், தட்டணு வேகமாக இறங்கும்போதே ஹெமடோக்ரிட் ஏறுதல் ஆகிய நான்கும் இருக்கின்றன. டெங்குவில் ஆபத்தான கட்டம் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கத் தொடங்கும் வேளையில்தான் வரும். நான்காம் நாள் இந்த நிலையில் வந்தவரை நானாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். அவரைச் சேர்த்தது சரியான முடிவு. அந்த முடிவுக்கான காரணத்தைத்தான் சம்மரியில் யாரும் எழுதவில்லை.

டைபாய்டு யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். ஒரே ஒரு வைடால் பரிசோதனையில் 1:80 என்று வருவது நம் ஊரில் ஆரோக்கியமாக நடமாடும் பலருக்கும் வரும். டைபாய்டு என்று சொல்ல இரத்தக் கல்ச்சர், அதாவது இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். உங்கள் கணவருக்கு அது எடுக்கப்படவே இல்லை. (காய்ச்சல் என்றதும் வைடால் எழுதுகிற வழக்கம் ஒழிந்தால் பாதி டைபாய்டு தானாகக் குறைந்துவிடும் என்பது என் நெடுநாள் முணுமுணுப்பு.) பணத்துக்காக வைத்த பெயர் உடலுக்கும் தீங்கு செய்யும். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை இரண்டாம் முறை தொற்றினால் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். அடுத்த முறை காய்ச்சல் வந்து, முன்பு என்ன வந்தது என்று மருத்துவர் கேட்கும்போது, கோப்பில் டைபாய்டு என்று இருந்தால் அவர் தவறான திசையில் தேடுவார்.

க்ளெய்மைக் கெடுத்த வரி

நோயின் பெயர் இல்லாததால் நிராகரித்தார்கள் என்று நினைக்கிறீர்கள். நிராகரிப்புக் கடிதத்தை மறுபடி படியுங்கள். அதில் விலக்கு எண் 04 என்று இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா மருத்துவக் காப்பீட்டுக்கும் பொதுவாக வகுத்த விலக்குகளில் அது ஒன்று: முதன்மையாக நோயறியும் பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே சேர்ந்திருந்தால் செலவு தரப்படாது. உங்கள் சம்மரியில் ‘காரணம் கண்டறியும் பரிசோதனைக்காக அனுமதி’ என்று மருத்துவரே எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் தொழிலில் அது பேச்சு வழக்கு. காய்ச்சலோடு வருகிறவரை ‘இவாலுவேஷனுக்காகச் சேர்த்தோம்’ என்றுதான் சொல்வோம். கேட்கும் சக மருத்துவருக்கு அதற்குள் டிரிப்ஸும் கண்காணிப்பும் அடக்கம் என்று தெரியும். க்ளெய்மைப் பரிசீலிப்பவருக்கு அது விலக்கு எண் 04.

காப்பீட்டு விதிகளில் ‘மருத்துவரீதியாக அவசியமான சிகிச்சை’ என்பதற்கும் வரையறை இருக்கிறது. அது நோயைக் கவனிக்கத் தேவையானதாக இருக்க வேண்டும், தேவையான அளவை மீறாமல் இருக்க வேண்டும், மருத்துவர் எழுதித் தந்ததாக இருக்க வேண்டும், ஏற்கப்பட்ட மருத்துவ முறைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நோய்க்கு உறுதியான பெயர் வேண்டும் என்பது அந்த வரையறையில் இல்லை. ஆகவே உங்கள் வாதம் ‘என் கணவருக்கு வந்தது டெங்கு’ என்பதாக இருக்க வேண்டாம். ‘என் கணவருக்குப் படுக்கையில் வைத்துச் செய்ய வேண்டிய சிகிச்சை நடந்தது, வீட்டில் வைத்திருந்தால் ஆபத்து’ என்பதாக இருக்கட்டும். முதலாவதை நிரூபிப்பது கடினம். இரண்டாவதற்கு ஆதாரம் கேஸ் ஷீட்டில் கிடக்கிறது.

இனி செய்ய வேண்டியவை

முதலில் முழு உள்நோயாளிப் பதிவுகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல் மருத்துவரின் அன்றாடக் குறிப்பு, செவிலியர் சார்ட், மருந்து சார்ட், டிரிப்ஸ் கணக்கு எல்லாம் வேண்டும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுக்க விதிகளின்படி நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விண்ணப்பத்தில் கணவரின் கையெழுத்து இருக்கட்டும். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். அந்தத் தாள்களில் நீங்கள் தேட வேண்டியது இவற்றை: சேர்த்த நேரத்தின் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, வெப்பநிலை, எத்தனை மணிக்கு ஒரு முறை பார்த்தார்கள், நரம்பு வழியாக எவ்வளவு திரவம் ஏற்றினார்கள், சிறுநீர் அளவு குறித்தார்களா, ஹெமடோக்ரிட், தட்டணு எந்தெந்த நேரத்தில் எடுக்கப்பட்டன.

அடுத்து, அந்தத் தாள்களோடு சிகிச்சை தந்த மருத்துவரை நேரில் பாருங்கள். காப்பீட்டுப் பிரிவு ஊழியர் வழியாகப் போக வேண்டாம். “நோயை மாற்றி எழுதுங்கள்” என்று கேட்காமல், “எதற்காகச் சேர்த்தீர்கள் என்பதை எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். பழைய சம்மரியைக் கிழித்துப் புதிது தருவது முறையல்ல. கூடுதல் குறிப்பு என்று தலைப்பிட்டு, இன்றைய தேதி, நேரம், கையெழுத்து, பதிவு எண் ஆகியவற்றோடு தனியாக எழுத வேண்டும். பழையதும் புதியதும் கோப்பில் சேர்ந்தே இருக்க வேண்டும். முன்தேதியிட்டு எழுத முன்வந்தாலும் ஏற்காதீர்கள். உங்கள் பரிசோதனைகளை வைத்துப் பார்த்தால், அந்தக் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“காய்ச்சலின் நான்காம் நாள், ஓயாத வாந்தி, வயிற்றுவலி ஆகியவற்றுடன் வந்தார். வாய்வழி திரவம் எடுக்க முடியவில்லை. ஹெமடோக்ரிட் 41-லிருந்து 48-ஆக உயர்ந்து, தட்டணு 1,12,000-லிருந்து 62,000-ஆகவும் பின்னர் 58,000-ஆகவும் குறைந்தது. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் வீக்கமும் வயிற்றில் நீரும் இருந்தன. நரம்பு வழி திரவமும் தொடர் கண்காணிப்பும் தேவைப்பட்டதால் உள்நோயாளியாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது. என்.எஸ்.1 விரைவுப் பரிசோதனை பாசிட்டிவ். இறுதிக் கணிப்பு: எச்சரிக்கை அறிகுறிகளுடன், டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சல்.”

கடைசி வரியை எழுதுவதா வேண்டாமா என்பது முழுக்க அவருடைய மருத்துவத் தீர்மானம், அதை வற்புறுத்தாதீர்கள். அவர் எழுதினால், சர்வதேசக் குறியீட்டு விதிப்படி, சிகிச்சை முடிந்த பிறகும் ‘சந்தேகம்’ என்ற நிலையிலேயே நிற்கும் நோயை, மேலதிகத் தகவல் இல்லாதபோது, உறுதியான நோய்க்குரிய எண்ணிலேயே பதிய வேண்டும். அதாவது ஏ 97.1 என்று மருத்துவமனை திருத்தலாம். அதில் பொய் இல்லை. அவர் எழுத மறுத்து, முதல் ஐந்து வாக்கியங்களை மட்டும் தந்தாலும் உங்களுக்குப் போதும். ஆர் 50.9 அப்படியே இருக்கட்டும்.

அதுவும் கிடைக்காமல் போனால், கேஸ் ஷீட் நகலை மட்டும் வைத்துக்கொண்டு வாதிடலாம். சற்றுக் கடினம், ஆனால் முடியாதது அல்ல. செவிலியர் சார்ட்டில் நள்ளிரவில் குறித்த இரத்த அழுத்தம், பிற்பாடு எழுதி வாங்கும் எந்தச் சான்றைவிடவும் நம்பகமானது என்பது பரிசீலிப்பவர்களுக்கும் தெரியும்.

எங்கே முறையிடுவது?

மேலே சொன்ன தாள்களை இணைத்து, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மறுபரிசீலனைக் கடிதம் அனுப்புங்கள். விலக்கு 04 ஏன் பொருந்தாது என்பதை ஒரு பக்கத்துக்குள் சொல்லுங்கள். அழுகையும் வசவும் வேண்டாம். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுபடி மறுத்தாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான தொகைகளை அவர் விசாரிக்கலாம். நிறுவனத்தின் இறுதி மறுப்பிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே கால வரம்பு இரண்டு ஆண்டு. என்னைக் கேட்டால் குறைதீர்ப்பாளர் வழியே உங்களுக்கு ஏற்றது, ஏனென்றால் இது நீளமான சாட்சி விசாரணை தேவைப்படும் வழக்கு அல்ல, தாள்களைப் பார்த்தே முடிவு செய்யக்கூடியது. க்ளெய்ம் கேட்டுப் போராடினால் அடுத்த ஆண்டு பாலிசியைப் புதுப்பிக்க மாட்டார்களோ என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். க்ளெய்ம் கேட்டதைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்க விதி இடம் தரவில்லை.

ஒன்று மட்டும் அவசரம். காய்ச்சல் தொடங்கி இப்போது ஐந்து வாரம் ஆகிறது. டெங்குவுக்கு எதிரான ஐ.ஜி.எம். பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்குப் பிறகே இரத்தத்தில் தெரியத் தொடங்கி, இரண்டு மூன்று மாதம் வரை இருக்கும். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலிசா முறையில் ஐ.ஜி.எம். பார்க்க முடியுமா என்று இந்த வாரமே விசாரியுங்கள். டெங்கு கண்காணிப்பு மையமாக உள்ள அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் இல்லை. பாசிட்டிவ் வந்தால், சமீபத்தில் டெங்கு தொற்றியது என்பதற்கு அது வலுவான துணைச் சான்று. அந்த ஐந்து இரவுகளில் இருந்தது அதுதான் என்று அது தனியாக நிரூபித்துவிடாது. நெகட்டிவ் வந்தால் அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது. அப்போதும் மேலே சொன்ன முதல் ஐந்து வாக்கியங்கள் மாறப்போவதில்லை. பரிசோதனைச் சீட்டில் காய்ச்சல் தொடங்கிய தேதியைத் தவறாமல் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தேதி இல்லாமல் ஐ.ஜி.எம். முடிவை யாராலும் சரியாகப் படிக்க முடியாது.